சீசனுக்கு விட்ட வீடு

எங்கள் ஊரில் சாரல் விழ ஆரம்பித்தால் வீட்டுக்காரர்கள் வீட்டை விட்டு வெளியே போய்விட வேண்டும். ஐந்தருவிக்குப் போகிற சாலையில் எங்களைப் போல நாலைந்து குடும்பங்கள் அப்படித்தான் இருந்தோம். மலையில் மேகம் இறங்கி, அருவியில் தண்ணீர் விழுகிறது என்று செய்தி போனதும் வெளியூர்க்காரர்கள் வந்து இறங்குவார்கள். வாரக் கணக்கில் தங்குகிறவர்களுக்கு லாட்ஜ் கட்டுப்படியாகாது. அவர்களுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, ஒரு காலத்தில் மாடு கட்டிய பின்பக்கத்துத் தகரக் கொட்டகைக்கு நாங்கள் குடிபோவோம். எங்கள் கட்டிலில் யாரோ படுப்பார்கள், எங்கள் அம்மியில் யாரோ அரைப்பார்கள். எங்கள் வீட்டு டிவியில் யாரோ பார்க்கும் நாடகத்தின் அழுகையைக் கேட்டுக்கொண்டு நாங்கள் கொட்டகையில் பாய் விரித்துக் கிடப்போம். சீசன் முடிந்து திரும்பிப் போனால் வீடு பத்து நாளைக்கு வேறு யாருடைய எண்ணெய் வாடையோ அடிக்கும்.

இந்த ஏற்பாட்டில் யாரும் எழுதி வைக்காத ஒரு வழக்கமும் இருந்தது. பின்வாசல் சாவி ஒன்று எங்களிடமே இருக்கும். அரங்கு என்று நாங்கள் சொல்லும் உள்ளறையில் எங்கள் பாத்திரம் பண்டங்களைப் பூட்டிப் போட்டிருப்போம். அம்மா நினைத்தபோது பின்வாசல் வழியாகப் போய் ஊறுகாய்ப் பரணியையோ போர்வையையோ எடுத்துக்கொண்டு வருவாள். வருஷா வருஷம் எங்கள் வீட்டுக்கென்றே வந்துகொண்டிருந்த குடும்பம் ஒன்று இருந்தது. அவர்கள் இதை ஒரு நாளும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. எங்கள் அடுக்களையில் வைத்து எங்களுக்கே காபி போட்டுக் கொடுத்து, கூச்சப்படாமல் குடியுங்கள் என்று உபசாரம் செய்வார்கள். நாங்களும் கூச்சப்பட்டுக்கொண்டே குடிப்போம்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அந்தக் குடும்பம் வரவில்லை. சாரலும் பிந்திவிட்டது. ஆடி பிறந்தும் ஐந்தருவியில் பாறைதான் தெரிந்தது. அப்பா அருவிக்குப் போகிற வழியில் சீசன் பழக்கடை போடுகிறவர், மற்ற மாதங்களில் தென்காசியில் ஒரு மளிகைக் கடையில் வேலை. அவர் தினமும் சாயங்காலம் மலையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அவர் முணுமுணுத்தால் வீட்டில் அம்மா முதல் கோழிவரை எல்லாரும் அடங்கி நடப்போம்.

அந்த வருஷம் அம்மாவின் தம்பி எங்களோடு இருந்தார். ஆய்க்குடியிலிருந்து வந்திருந்தார். போலீஸ் வேலைக்கு எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டார், அடுத்த மாதம் உடல்தகுதித் தேர்வு. ஐந்தருவிச் சாலை ஏற்றமும் இறக்கமுமாக இருப்பதால் ஓடிப் பழக வசதி என்று அம்மாதான் கூப்பிட்டிருந்தாள். தினமும் காலை ஐந்து மணிக்கு அவரை எழுப்புவது என் வேலை. அவருடைய கைக்கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நிற்பேன். முக்குத் திரும்பி ஓடிவந்து கதவைத் தொட்டதும் நேரம் சொல்ல வேண்டும். அவர் மனசு நோகக் கூடாதென்று சில நாள் பத்து வினாடி குறைத்துச் சொல்லியிருக்கிறேன். அந்த வயதிலேயே எனக்கு அந்தப் பழக்கம் இருந்தது.

ஜூலை மாதத் தேர்வில் கணக்கில் பத்தொன்பது மதிப்பெண் வாங்கினேன். நூற்றுக்குத்தான். ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். அப்பா கோபத்தில் அடிக்கிறவர் என்று சொன்னால் அவருக்கு அநியாயம் செய்ததாகும். அவர் நிதானமாக, யோசித்து, பெல்ட்டைத் தேடி எடுத்து அடிக்கிறவர். அந்தத் தேடுகிற நேரம்தான் எனக்குப் பயம். ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழைய நோட்டில் இருபது தடவை எழுதிப் பழகி, கார்டில் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து அடியில் இரண்டு புள்ளி வைப்பார். புள்ளிகூட அவர் வைத்த மாதிரியே வந்தது. திங்கட்கிழமைவரை யார் கண்ணிலும் படாமலிருக்க நடு அறையில் கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த திருமலை முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். சாமி காட்டிக் கொடுக்காது என்று ஒரு நம்பிக்கை.

வெள்ளி இரவு மலையில் நல்ல மழை. சனிக்கிழமை அருவியில் தண்ணீர் கொட்டியது. நான் பழத்தட்டு தூக்கிக்கொண்டு அப்பாவோடு கடைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தபோது எங்கள் பாயும் பானையும் கொட்டகைக்குப் போயிருந்தன. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியிருந்தது. ஒரு பெரியவர், அவர் மனைவி, மகன், கல்யாணமாகி ஆறு மாதமான மருமகள். கட்டில் இருந்த நடு அறையை மகனுக்கும் மருமகளுக்கும் ஒதுக்கியிருந்தார்கள். திறந்திருந்த சன்னல் வழியாகப் பார்த்தேன். முருகன் அப்படியே இருந்தார்.

ஞாயிறு முழுக்க அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். திங்கட்கிழமை டீச்சர் கேட்டபோது மறந்துவிட்டேன் என்றேன். நாளைக்குக் கார்டு வராவிட்டால் அப்பா வர வேண்டும் என்றார்கள். சாயங்காலம் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அப்பாவும் அம்மாவும் கடையில் இருந்தார்கள். கொட்டகையில் மாமா மட்டும் இருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் மாமா முதலில் சிரித்தார்.

"கள்ளக் கையெழுத்தாட்டி போட்ட? நான் போலீசானா மொதக் கேசு ஒன் மேலதான் போல."

"எடுத்துத் தாங்க மாமா."

"அம்மைட்டச் சொல்லு. அவ போயி எடுத்துத் தருவா."

"அம்மைக்குத் தெரிஞ்சா அப்பாவுக்கும் தெரியும்."

அப்பாவின் பெல்ட்டை அவரும் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டேன். திருமலை முருகன் மேல் சத்தியம் செய்தார். வாடகைக்காரர்கள் வெளியே போனதும் சொல்லு என்றார்.

ஐந்து மணிவாக்கில் வேன் வந்தது. சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு பெரிய கறுப்புக் குடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு அவர்கள் வேனில் ஏறியதைக் கோழிக்கூட்டுப் பக்கம் நின்று பார்த்தேன். குடைக்குள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்திருக்கலாம். கணக்கில் பத்தொன்பது வாங்கியவள் எண்ணவில்லை. எல்லாரும் போயாச்சு என்று மாமாவிடம் ஓடிவந்து சொன்னேன்.

மாமா பின்வாசல் சாவியை எடுத்தார். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு ஆள் போகிற அகலத்தில் முடுக்கு ஒன்று உண்டு. நடு அறை சன்னல் அந்த முடுக்கைப் பார்த்து இருக்கும். நான் அங்கே போய் நின்றுகொண்டேன். பின்வாசலில் யாராவது வந்துவிட்டால் கார்டு அவர் கையில் இருக்கக் கூடாது, உடனே என்னிடம் வந்துவிட வேண்டும் என்பது என் யோசனை. கொஞ்ச நேரத்தில் சன்னலின் ஒரு கதவு திறந்தது. கம்பிக்கு நடுவே மாமாவின் கை கார்டை நீட்டியது.

"பிடிட்டி. ஓடு."

"சன்னலச் சாத்திருங்க மாமா. தெறந்து கெடந்தா தெரிஞ்சிரும்."

மாமா சாத்தினார். கொக்கி விழுந்த சத்தம் கேட்டது. அதற்கு அடுத்த சத்தம் ஒரு பெண்ணின் அலறல்.

அந்த வீட்டு மருமகள் அக்காவுக்குக் காலையிலிருந்து காய்ச்சல். அவளை விட்டுவிட்டு மற்ற மூன்று பேரும் அருவிக்குப் போயிருக்கிறார்கள். சன்னல் இடுக்கு வழியாகக் கட்டிலில் குளிர்காற்று வருகிறது என்று சுவர் ஓரமாகத் தரையில் பாய் போட்டு, தலைவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். கட்டில் மறைத்ததில் மாமாவுக்குத் தெரியவில்லை. வெளிச்சம் கண்ணில் பட்டு அவள் விழித்தபோது, முன்பின் தெரியாத ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு சன்னலைச் சாத்தி, கொக்கி போட்டுக்கொண்டிருந்தான். அறை இருட்டிவிட்டது. அவன் அவள் பக்கம் திரும்பினான். பயப்படாதீங்கக்கா, சத்தம் போடாதீங்க என்று சொன்னான். அவள் இடத்தில் யார் இருந்தாலும் ஊரைக் கூட்டியிருப்பார்கள்.

நான் கொட்டகைக்கு ஓடிப்போய் கார்டைக் கணக்கு நோட்டுக்குள் வைத்து, நோட்டைப் பைக்குள் வைத்து, பை மேல் உட்கார்ந்துகொண்டேன். அலறல் கேட்டு எதிர்ச்சாரிக் கடைக்காரர்கள் வந்தார்கள். மாமா ஓடவில்லை. தினமும் ஓடிப் பழகியவர், மதிலைத் தாண்டியிருந்தால் யாரும் பிடித்திருக்க முடியாது. எங்கள் வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டு, ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஒண்ணுமில்ல என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் அந்த அக்காவின் கணவன் ஈரத் துண்டோடு வந்து சேர்ந்தான். அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். கடைசியில் ஜீப் வந்தது. மாமாவைப் பற்றி விசாரித்துப் போக ஒரு நாள் போலீஸ் வரும், அப்போது எல்லாரும் மரியாதையாகப் பேச வேண்டும் என்று அம்மா முன்பே சொல்லி வைத்திருந்தாள். அதுதான் வந்துவிட்டது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் சத்தம் போடாமல் பேசுகிறவர். மாமாவை முற்றத்தில் நிறுத்தி வைத்துக் கேட்டார்.

"எதுக்குய்யா உள்ள போன?"

"சும்மாதான் சார். எங்க வீடுதான சார் இது."

"ஒங்க வீடுதான். வாடகைக்கு விட்டாச்சுல்லா? இப்ப அவங்க இருக்காங்க. சொல்லாமக் கொள்ளாம நீ எப்படி நுழையலாம்?"

"எப்பவும் போவோம் சார். சாமான் எடுக்க."

"என்ன சாமான் எடுத்த?"

ஒரு போலீஸ்காரர் அவர் சட்டைப் பையையும் லுங்கி மடிப்பையும் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"சும்மா போறவன் எதுக்குய்யா சன்னலச் சாத்துத?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன். அழுதிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும்.

சப்-இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். அம்மா என்னைத் தன் முன்னால் நிறுத்தி இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். அப்பா பக்கத்தில் நின்றார், இடுப்பில் பெல்ட் இருந்தது.

"பாப்பா, நீ இங்கதான இருந்த? மாமா எதுக்கு உள்ள போனாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"அது சின்னப் பிள்ள சார், அதுக்கு என்ன தெரியும்?" என்றாள் அம்மா. தோளில் அவள் விரல் அழுந்தியது. இந்த மாதிரி விவகாரத்தில் பெண்பிள்ளையின் பெயர் ஒரு காகிதத்திலும் ஏறிவிடக் கூடாது என்பது அவளுடைய பயம். எனக்கு வேறு பயம். இரண்டும் ஒரே பதிலில் வந்து நின்றன.

"தெரியாது" என்றேன்.

அன்றிரவு மாமா ஸ்டேஷனில் இருந்தார். போலீஸ் சட்டை போடப் போகிறவர் ஜட்டியோடு உட்கார்ந்திருந்தார் என்று அப்பா வந்து சொன்னதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மறுநாள் ஜாமீனில் எடுக்கப் போனபோது அவள் நாலு தடவை மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு எதுக்குலே போன, எதுக்குலே போன என்று கேட்டாளாம். நாலு தடவையும் சும்மாதான் என்றிருக்கிறார். அதற்குப் பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். தம்பி மேல் அவளுக்கே ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது என்பது இப்போது யோசித்துப் பார்க்கையில் தெரிகிறது.

நான் வழக்கறிஞராகி ஆறு வருஷம் ஆகிறது. அத்துமீறி நுழைந்ததாக வழக்கு வாங்கிக்கொண்டு வருகிறவர்களிடம் முதலில் எதற்குப் போனீர்கள் என்று கேட்பேன். பத்தில் எட்டுப் பேர் சும்மாதான் மேடம் என்பார்கள். சும்மா என்று மட்டும் சொல்லாதீர்கள், என்ன காரணமோ அதைச் சொல்லுங்கள், எவ்வளவு அற்பமாக இருந்தாலும் சொல்லுங்கள் என்று கொஞ்சம் அதிகமாகவே கத்திவிடுவேன். என் குமாஸ்தா இதை என் கோபக் குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சட்டத்தின் பெயரும் பிரிவின் எண்ணும் இப்போது மாறிவிட்டன. கேள்வி மாறவில்லை. ஒருவர் அனுபவத்தில் இருக்கிற இடத்துக்குள் இன்னொருவர் நுழைந்தார் என்பது மட்டும் குற்றமாகாது. அங்கே ஒரு குற்றம் செய்ய வேண்டும், அல்லது இருப்பவரை மிரட்ட, அவமதிக்க, தொந்தரவு செய்ய வேண்டும் என்கிற கருத்து நுழைந்தவர் மனதில் இருந்திருக்க வேண்டும். இடம் யாருக்குச் சொந்தம் என்பது இரண்டாம்பட்சம். சொந்த வீட்டுக்காரனே தன் வாடகைக்காரர் வீட்டில் அத்துமீறலாம். காரணம் நல்லதாக இருந்தால் அந்நியன்கூட அத்துமீறாதவன் ஆகலாம். எல்லாம் மனதில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது. மனதைத் திறந்து பார்க்க முடியாதென்பதால் வெளியே தெரிகிறதை வைத்து உள்ளே இருந்ததைத் தீர்மானிப்பார்கள். பின்வாசல். சொல்லாமல் நுழைந்தது. பெண் ஒருத்தி மட்டும் இருந்த வீடு. சாத்திய சன்னல். வெறும் கை.

அந்த வெறும் கைதான் மாமாவைத் தீர்த்தது. அவர் கையில் எங்கள் வீட்டுச் சாமான் ஏதாவது ஒன்று, ஒரு கிழிந்த போர்வை இருந்திருந்தால்கூட, எடுக்கப் போனார் என்று ஆகியிருக்கும். ஒன்றும் எடுக்காதவன் வேறு எதற்குப் போயிருப்பான் என்று ஊரே யோசித்தது. ஊர் யோசித்தால் ஒரே பக்கமாகத்தான் யோசிக்கும்.

வழக்கு மூன்று வருஷம் நடந்தது. நீதிமன்றத் தமிழில் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர். அம்மா ஒரே ஒரு நாள் வந்து, தன் தம்பியை எதிரி எதிரி என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, பிறகு வரவேயில்லை. அந்த அக்கா சென்னையிலிருந்து கைக்குழந்தையோடு வந்து சாட்சி சொன்னாள். அவள் வாக்குமூலத்தைப் பிற்பாடு நகல் வாங்கிப் படித்தேன். அதில் ஒரு சொல் பொய் இல்லை. எதிரி சன்னலைச் சாத்தினார், கொக்கி போட்டார், சத்தம் போட வேண்டாம் என்றார், என்னைத் தொடவில்லை. அந்த வழக்கில் பொய் சொன்ன ஆள் நான் ஒருத்திதான், நான் சாட்சியே இல்லை.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதல் நாள் பயத்தில் சொல்லவில்லை, பிறகு முதல் நாள் சொல்லாததனால் சொல்லவில்லை. மாமாவும் சொல்லவில்லை. எதையாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று நீதிபதி கேட்டபோது வக்கீல் சொல்லிக் கொடுத்தபடி பொய் வழக்கு என்று மட்டும் சொன்னார். மூன்று வருஷம் கழித்து ஒரு ரேங்க் கார்டைக் கொண்டுவந்தால் யார் நம்புவார்கள் என்று நினைத்தாரா, என்னைக் கூண்டில் ஏற்ற மனசு வரவில்லையா, முருகன் மேல் செய்த சத்தியம்தானா, தெரியாது. நான் கேட்டதில்லை.

நீதிபதி விடுதலை செய்தார். எதிரியின் உட்கருத்து சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை, ஆனால் அறைக்குள் சென்றதற்கு எதிரி எந்த விளக்கமும் அளிக்கவில்லை, ஆகவே சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை. அப்பா அன்றைக்கு மிட்டாய் வாங்கி வந்தார். மாமா ஓட்டம், கயிறு ஏறுதல், மருத்துவம் எல்லாவற்றிலும் தேறியிருந்தார். வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று மட்டும்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள். தீர்ப்பு நகலை இணைத்து மனு அனுப்பினோம். ஒரு பக்கத்தில் பதில் வந்தது. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார், நியமனத்துக்குத் தகுதியில்லை. மாமா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, மடித்து, அம்மாவிடம் கொடுத்து, உள்ளே வை அக்கா என்றார்.

பெண் பார்க்கப் போன இடங்களிலெல்லாம் யாராவது ஒருவர் சன்னல் கதையைச் சொல்லிவிட்டார்கள். மாமா மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில், ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலைக்குப் போனார். இன்னும் அங்கேதான் இருக்கிறார், தனியாக. வருஷத்துக்கு ஒரு முறை, பண்பொழியில் திருமலை முருகன் தேருக்கு வருவார். நான் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்ட அன்று போன் செய்து, பெரிய வக்கீலாயிட்டியேட்டி என்றார். நிறையப் பேசத் தோன்றியது. சாப்பிட்டாச்சா மாமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மாமாவை ஜீப்பில் ஏற்றிப் போன மறுநாள், செவ்வாய்க்கிழமை, நான் பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் கார்டை வாங்கி, கையெழுத்தைப் பார்த்து, ஒரு டிக் போட்டு, பீரோவில் மற்றக் கார்டுகளோடு வைத்துப் பூட்டினார்கள். அந்த அறைக்குள் மாமா எதற்காகப் போனார் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சி அந்த வருஷம் முழுக்க அங்கேதான் இருந்தது. எனக்கு உடம்பே லேசானதாக ஞாபகம்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது மாமாவை ஜாமீனில் விட்டிருந்தார்கள். கொட்டகைக்குள் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள். வாடகைக்காரர்கள் காலையிலேயே காலி செய்து போய்விட்டார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. நான் பையைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மாவுக்குக் கேட்காத குரலில் மாமா கேட்டார்.

"டீச்சர் என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. டிக் போட்டு பீரோல வச்சிட்டாங்க."

"கையெழுத்த உத்துப் பாத்தாளா?"

"பாத்தாங்க. கண்டுபிடிக்கல."

முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக மாமா சிரித்தார்.

"அப்பம் சரி. தப்பிச்சிட்டோம்ட்டி."

நானும் சிரித்தேன். நாளைக்கு எழுப்பவா மாமா என்று கேட்டேன். எழுப்பு என்றார்.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுப்பினேன். சாரல் விட்டபாடில்லை. அவர் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மலைப் பக்கம் பார்த்து ஓடினார். முக்குத் திரும்பி வந்து கதவைத் தொட்டபோது கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தேன். அதுவரை ஓடிய எந்த நாளையும்விட அன்றைக்குத்தான் வேகம். பத்து வினாடி குறைத்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. இப்படி ஓடுகிற ஆளுக்கு வேலை கொடுக்காமல் விடவே மாட்டார்கள் என்று சொன்னேன். அப்படித்தான் நம்பினேன்.